வெடிக்காத கடுகு

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் யாரும் வணக்கம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பாலிதீன் பையைத் திறந்து, வேரும் மண்ணுமாகச் செத்த செடி ஒன்றை எடுத்து மேஜைமேல் போடுவார்கள். "இதுக்கு மருந்து குடும்மா" என்பார்கள். அவ்வளவுதான் பேச்சு. நான் காலையில் ஈரத்துணி போட்டுத் துடைத்து வைத்த மேஜை அது என்பது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உரம், விதை, பூச்சிமருந்து விற்கிற கடை எங்களுடையது. லைசென்ஸும் விவசாய டிப்ளமோவும் என் வீட்டுக்காரர் அசீமுடையவை. அவர் பாதி நாள் சரக்கெடுக்கப் போய்விடுவார். கடையில் உட்கார்ந்திருப்பது பி.காம். படித்த நான், ஜாஹிரா. டப்பாக்களில் ஒட்டியிருக்கிற காகிதங்களைப் படித்துப் படித்து, பாதி டாக்டர் ஆகிவிட்டோம் என்று எனக்கு ஒரு நினைப்பு. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பதில் அதைவிடச் சீக்கிரம் வரும். செடியைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்னாலேயே என் கை அலமாரிக்குப் போய்விடும். இந்தக் கதையில் அந்தக் கைக்கும் ஒரு பங்கு உண்டு, அதை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

காவாந்தண்டலத்தில் களையெடுக்கிற பெண்கள் பத்துப் பேருக்குச் செவ்வந்தியக்காதான் மேஸ்திரி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஊரில் எந்த நிலத்தில் எந்த மூலையில் கோரை அதிகம், எந்த வரப்பில் பாம்புப் புற்று என்பதெல்லாம் நிலத்துக்காரனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவளுக்கென்று இருந்தது வீடு நிற்கிற இடம் மட்டும்தான்.

என் மாமனார் முகம்மது கௌஸ் அந்த ஊரில் எழுபது சென்ட் நிலம் வாங்கிப் போட்டு மூன்று வருஷமாயிற்று. வாங்கினதோடு சரி, எட்டிப் பார்க்கவில்லை. வேலிகாத்தான் முளைத்து நிலமே தெரியாமல் போய்விட்டது. போன ஐப்பசியில் செவ்வந்தியக்காவின் ஆட்கள்தான் அதை வெட்டி, வேரைப் பறித்துச் சுத்தம் செய்தார்கள். கடைசி நாள் மாமா போய்ப் பார்த்தபோது, அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"பாய், இத்த எனக்கு வுடு. வாரத்துக்குப் பண்றேன். வெளையறதுல பாதி ஒனக்கு."

மாமா ஒரு நிமிஷம் திகைத்துப் போனாராம். அந்த நிலத்தைக் கேட்டு ஏற்கெனவே வினோத்குமார் நாலு முறை வந்து போயிருந்தான். வினோத்குமார் ஊர் ஊராக நிலம் பிடித்துத் தர்பூசணி போடுகிற ஆள். சொட்டுநீர்க் குழாய், பிளாஸ்டிக் ஷீட், புது பைக், கறுப்புக் கண்ணாடி எல்லாம் வைத்திருந்தான். செவ்வந்தியக்காவிடம் இருந்தது ஒரு களைக்கொத்து. மாமா வியாபாரி. யாருக்கும் உடனே இல்லை என்றும் சொல்ல மாட்டார், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார்.

"ஒரு போகம் பண்ணு. நானே வந்து பாப்பேன். நல்லா வந்துதுன்னா நீயே வெச்சிக்க. இல்லாட்டி வினோத்குமாருக்குக் குடுத்துருவேன். அப்பறம் என்னாண்ட வந்து பேஜார் பண்ணக் கூடாது."

மறுநாள் காலையில் அவள் நாஷ்டா கூடச் சாப்பிடாமல் முதல் பஸ் பிடித்துக் கடைக்கு வந்துவிட்டாள். நான் ஷட்டரைத் தூக்கும்போதே பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் செத்த செடி இல்லாமல் ஒரு ஆள் எங்கள் கடைக்கு வந்தது அன்றுதான்.

"வேர்க்கடல போடப் போறேம்மா. ஊடால காராமணி, வாய்க்காலோரம் மொளகா, சுத்தி கம்பு. இன்னா சொல்ற?"

"நல்லாத்தான் சொல்ற. விதை எத்தனை கிலோ எடுத்து வைக்க?"

"வெத இன்னாத்துக்கு? என்னாண்ட கீதே."

அவளிடம் விதை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது. வேர்க்கடலை பிடுங்கும்போது எல்லாக் காயும் கொடியோடு வந்துவிடாது. கொஞ்சம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அறுவடை முடிந்து நிலத்துக்காரர் கொடியைக் கட்டிக்கொண்டு போனபிறகு, கூலிக்கு வந்த பெண்கள் களைக்கொத்தோடு மறுபடி இறங்குவார்கள். கொத்திக் கிளறி எடுக்கிற காய் அவர்களுக்கே சொந்தம். அதை யாரும் கேட்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். செவ்வந்தியக்கா வருஷா வருஷம் அப்படிப் பொறுக்கினதில்தான் வீட்டுக்கு எண்ணெய் ஆட்டுவாள்.

"மத்த கயினில பொறுக்குனா அர மொறம் தேறும். சாமுவேல் கயினில எறங்குனா ஆளுக்கு ரெண்டு கூடை வரும்மா. எட்டு வருசமா பாத்துக்கினு வரேன், மண்ணு கை நெறைய குடுக்குது. அந்தக் கயினிக் காயத்தான் வெதைக்குன்னு எடுத்து வெச்சிக்கீறேன்" என்றாள். கயினி என்றால் கழனி; சாமுவேல் எங்கள் கடைக்கும் வருகிற, அந்த ஊர் நிலத்துக்காரர். சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

விதையை மருந்தில் புரட்டிப் போடு, பூஞ்சாணம் வராது என்று ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். அவள் அதை விரலால் தள்ளிவிட்டாள்.

"அது இன்னா நோவாளியா, மருந்து குடுக்க? நல்லா கல்லு மாதிரி கீதும்மா."

நான் இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். அதற்குள் இன்னொருத்தர் வந்து ஒரு முழுத் தென்னங்கீற்றை என் மேஜைமேல் போட்டுவிட்டார். எனக்குக் கோபம் அந்தப் பக்கம் போய்விட்டது.

மார்கழி ஆரம்பத்தில் விதைப்பு. நானும் மாமாவோடு மொபெட்டில் போயிருந்தேன். பத்துப் பெண்களும் கூலி வாங்காமல் வந்து விதைத்துக் கொடுத்தார்கள். விதை முடிந்ததும், காய் இருந்த சாக்கின் அடியில் தங்கியிருந்த தூசியையும் மண்ணையும் செவ்வந்தியக்கா வீணாக்கவில்லை. சாக்கை உதறி உதறி நிலத்தில் நாலு இடத்தில் கொட்டினாள். அவளுடைய கூட்டாளி மங்கம்மா, "போட்டும் போட்டும், சாமுவேல் கயினி ராசி இங்கயும் வரட்டும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்லபடியாக நடக்கட்டும் என்று மனசார நினைத்துக்கொண்டேன் என்பதும் உண்மை.

பயிர் ஜோராக வந்தது. தை மாதம் முழுக்க அவள் கடைக்கு வருவதே தன் கடலையின் உயரத்தைச் சொல்வதற்குத்தான். ஒன்றும் வாங்க மாட்டாள். கையை முழங்காலுக்கு நேராக வைத்துக் காட்டுவாள். அடுத்த வாரம் அரை அங்குலம் ஏற்றிக் காட்டுவாள். எனக்கு வேலை கெட்டாலும் அந்தக் கையைப் பார்க்கப் பிடித்திருந்தது.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். பாலிதீன் பையோடு வந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

"ஒரு கெளை வாடிக்கினு இருந்துச்சி. ரெண்டு நாள்ல செடியே படுத்துட்ச்சிம்மா" என்று எடுத்துப் போட்டாள். தண்டின் அடியில் வெள்ளை வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது. கரையான் என்றேன். கைதான் ஏற்கெனவே அலமாரியில் இருந்ததே. கரையான் மருந்து கொடுத்தேன்.

அடுத்த வாரம் நாலு இடத்தில் திட்டுத் திட்டாகச் செடி படுத்துவிட்டது என்று வந்தாள். தண்ணீர் பத்தவில்லை என்று பக்கத்து மோட்டார்க்காரரைக் கெஞ்சி இரண்டு மடங்கு பாய்ச்சியிருக்கிறாள். அது இன்னும் பரவியது. நான் இலைக்கு அடிக்கிற மருந்து ஒன்றைக் கொடுத்தேன். அந்த வாரம் கடலையோடு காராமணியும் சாய்ந்தது. அதற்கடுத்து வாய்க்காலோரம் இருந்த மிளகாயிலும் ஏழெட்டுச் செடி போயிற்று. நிலத்தில் ஒரே ஒரு பயிர், சுற்றி விதைத்த கம்பு மட்டும், எனக்கென்ன என்று நின்றது.

மாமாவுக்குச் சேதி போய்விட்டது. போகாமல் இருக்குமா, வினோத்குமார்தான் பக்கத்து நிலத்தில் தினமும் நிற்கிறானே. "ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்னு சொல்லிடு" என்று மாமா என்னிடமே சொல்லி அனுப்பினார்.

வியாழக்கிழமை மத்தியானம் செவ்வந்தியக்கா கடைக்குள் புயலாக நுழைந்தாள். மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் அடித்தாள். பிரிந்து உருண்டது. கடுகு.

"பாத்தியாம்மா? செடி செடியா அடியில தூவி வெச்சிக்கீறான். நான் தலையில அடிச்சிக்கினேன், எப்டி சாவுது எப்டி சாவுதுன்னு. செய்வின!"

"யாருக்கா?"

"வேற யாரு? வினோத்குமாருதான். நெலம் தனக்கு வரணும்னு மந்திரிச்ச கடுகு எட்த்தாந்து போட்டுக்கீறான். மங்கம்மா கூட சொல்றா, கடுகு வெச்சா ஒண்ணும் மொளைக்காதாம்."

நான் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தேன். உருண்டை, பழுப்பு நிறம், பளபளப்பு. கடுகேதான். எனக்குச் செய்வினையில் நம்பிக்கை இல்லை. ஆனால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மத்தியானத்தில் கடைக்குள் வருகிற ஆள்மேல் எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயமும் இல்லை. "இருக்கா, பாக்கறேன்" என்று அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. மாமியார் சபுரா அடுப்பில் ரசத்துக்குத் தாளிக்க எண்ணெய் காய வைத்திருந்தார். எனக்கு ஒரு யோசனை. பொட்டலத்திலிருந்து பத்துப் பதினைந்தை எடுத்துக் கரண்டி எண்ணெயில் போட்டேன். வெடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தீயை ஏற்றினேன். கருகிற்று, காளான் மாதிரி ஒரு வாடை வந்தது, ஆனால் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

"எந்தக் கடையில வாங்குனே இந்தக் கடுக? திருப்பிக் குடுத்துட்டு வா" என்றார் மாமி. ரசத்தில் கொட்டப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் கையை நீட்டியது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை உதவி வேளாண்மை அலுவலர் சுகிர்தா கடைச் சரக்கைப் பார்வையிட வந்தார். வயது முப்பதுக்குள். ஸ்கூட்டரில் மாவட்டத்தில் பாதியைச் சுற்றுகிறவர். அதனால் எப்போதும் அவசரத்தில் இருப்பார். நான் பொட்டலத்தை நீட்டினேன். எண்ணெயில் போட்டுப் பார்த்த கதையையும் சொன்னேன். அந்த அவசரக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கடுகும் இல்ல, மந்திரமும் இல்ல மேடம். இது பூஞ்சாணம். மண்ணுலேயே வாழுறது. சாப்பிட ஒண்ணும் கிடைக்காதப்போ இப்படி உருண்டையா சுருண்டு தூங்கும். மூணு வருஷம், நாலு வருஷம் தூங்கும். மேல ஒரு கடலைச் செடி வந்து நின்னா எழுந்துக்கும். நீங்க கரையான்னு சொன்ன வெள்ளை நூல் இருக்கே, அதுதான் எழுந்த பூஞ்சாணம்."

"காராமணி, மிளகாயெல்லாம் கூடப் படுத்துடுச்சே?"

"சில பூஞ்சாணம் ஒரே ஒரு பயிரைத்தான் தொடும். தர்பூசணிக்கு வர்ற வாடல் நோய் அப்படி, அது பக்கத்துல இருக்கிற கடலையைத் திரும்பியும் பாக்காது. இது அந்த மாதிரி இல்ல. கடலை, காராமணி, மிளகாய், கத்திரி, தக்காளி எது கிடைச்சாலும் தின்னும். இதுக்கு நீங்க மருந்து குடுத்தீங்களா?"

கொடுத்த மருந்துகளின் பெயரைச் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். அது செய்வினை இல்லை, மண்ணில் தூங்குகிற பூஞ்சாணம் என்று செவ்வந்தியக்காவுக்கு அன்றைக்கே சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் நாங்கள் நிலத்தில் இருந்தோம். மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வரப்பில் நின்றார். செவ்வந்தியக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், யாரோ பெண் பார்க்க வருகிற மாதிரி. வினோத்குமார் தற்செயலாக வந்தவன்போல் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். நடுநடுவே நாலு பெரிய திட்டுகள், வெந்த கீரையாகக் கிடந்தன. மிச்சம் பச்சையாக இருந்தாலும், கண் அந்த நாலு இடத்துக்குத்தான் போனது.

"இன்னா ஜாஹிரா இது?" என்று மாமா என்மேல் பாய்ந்தார். "ரெண்டு தபா மருந்து குடுத்தியாம். ஒண்ணாச்சும் சரியா குடுத்தியா? நம்ம கடை மருந்து, நம்ம நெலம், ரெண்டும் சேந்து நாறுது. நாலு பேரு இன்னா பேசுவான்?"

எனக்குப் பதில் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வினோத்குமார் செல்போனைப் பார்க்கிற சாக்கில் சிரித்துக்கொண்டிருந்தான்.

சுகிர்தா திட்டின் ஓரத்தில் குந்தி, பாதி வாடின ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். கொடி மட்டும் சுலபமாகக் கையோடு வந்தது. காய் ஒன்றுமில்லை. பிறகு விரலால் மண்ணைக் கிளறினார். காய்கள் உள்ளேயே இருந்தன, பதினைந்து இருபது இருக்கும்.

"பாருங்க. காயைப் பிடிச்சிருக்கிற காம்பு அழுகிடுது. பிடுங்கும்போது காய் மண்ணுலேயே நின்னுடும். இந்த நோய் இருக்கிற இடத்துல எப்பவும் இப்படித்தான்."

செவ்வந்தியக்கா அந்தக் குழியையே பார்த்தாள். ஒரு காயை எடுத்து விரலால் தேய்த்தாள். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"யம்மா. அப்போ நோவு கீற கயினிலதான் காய் நெறைய மண்ணுல தங்குமா?"

"ஆமாம்மா."

"நோவு இல்லாத கயினில?"

"ரொம்பத் தங்காது. கொடியோடேயே வந்துடும்."

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல புடவை என்றுகூடப் பார்க்கவில்லை. எனக்கும் அப்போதுதான் மண்டையில் ஏறியது. சாமுவேல் வருஷா வருஷம் எங்கள் மேஜையில் சாய்ந்துகொண்டு, கடலை காணவில்லை, விளைச்சல் பாதிகூட வரவில்லை என்று புலம்புவார். அந்தப் பாதி மண்ணுக்குள் இருந்திருக்கிறது. அதைத்தான் இவர்கள் கூடை கூடையாகப் பொறுக்கி, மகராசியான நிலம் என்று கும்பிட்டு வந்திருக்கிறார்கள். ஊரிலேயே நோய் முற்றின நிலத்தைத் தேடி அதிலிருந்து விதை எடுத்து, சாக்குத் தூசியைக்கூட விடாமல் கொண்டுவந்து கொட்டினாள் செவ்வந்தியக்கா.

மாமா மறுபடியும் என்னைத் திட்ட ஆரம்பித்தார். அவள் எழுந்தாள்.

"பாய், அந்தப் பொண்ண திட்டாத. மருந்துல இன்னா கீது? நான்தான் கொண்டாந்தேன். சாமுவேல் கயினிலேர்ந்து வெதையும் மண்ணும் நான்தான் கொண்டாந்து போட்டேன். அது மருந்துல பொரட்டுன்னு சொல்லுச்சி, நான்தான் கேக்கல."

அவள் பேசாமல் இருந்திருந்தால் பழி என்மேல் போயிருக்கும், கடைமேல் போயிருக்கும். மாமா இன்னொரு போகம் கொடுத்துக்கூடப் பார்த்திருப்பார். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சுகிர்தா நோட்டைத் திறந்தார். "சாமுவேல் நிலத்துல எந்தப் பக்கம் ரொம்பத் தங்கும்மா?"

"கெணத்தாண்ட. ரோட்டோரம் ஒண்ணும் நிக்காது. அவுரு தம்பி கயினில மேக்கால மூல மட்டும். ஏரிக்கர பக்கம் கீற கயினில கெடையவே கெடையாது, அங்க பொறுக்கப் போனா வெறுங்கையிதான்."

அவள் சொல்லச் சொல்ல சுகிர்தா வேகவேகமாக எழுதினார். பொறுக்கின கூடைக் கணக்கில் ஊர் முழுக்க எந்த மூலையில் நோய் என்பது அவள் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. "ஆறு மாசம் மண்ணு எடுத்துச் சோதிச்சாலும் எனக்கு இது கிடைச்சிருக்காது" என்று சுகிர்தா என் காதில் சொன்னார். செவ்வந்தியக்காவுக்கு அந்தப் பாராட்டு தேவைப்படவில்லை. அவள் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா தொண்டையைச் செருமினார். "நீ உண்மைய சொன்ன, சரி. ஆனா பேச்சுன்னா பேச்சு. கடல எடுத்த ஒடனே நெலம் வினோத்குமாருக்கு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு வினோத்குமார் பக்கம் திரும்பினாள். வேலைக்கு இறங்குகிற பெண்களுக்குப் பாம்புப் புற்று காட்டுகிற அதே குரலில் பேசினாள்.

"தம்பி, இந்த நாலு எடத்தையும் பாத்து வெச்சிக்க. ஒம்மேல கெட்ட எண்ணம் வெச்சிட்டேன், கடுகு நீதான் போட்டன்னு. மனசுல வெச்சிக்காத. ஒன் தர்பூசணிப் பயம் மண்ணுல படுத்துக்கினுதான பெருக்கும்? இங்க கொடி வுடாத, அயிகிப் பூடும்."

"நானா? கடுகா?" என்று அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். அப்புறம் சுகிர்தாவைப் பார்த்தான். "மேடம், நெசமாவா? ஷீட் போட்டாக்கூடவா?"

"ஷீட் கொஞ்சம் தடுக்கும். முழுசா தடுக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

வினோத்குமார் நிலத்தை ஒரு சுற்றுப் பார்த்தான், பைக்கைப் பார்த்தான். "பாய், எனக்கு அந்தாண்ட ரெண்டு ஏக்கரா பேச்சு ஓடிக்கினு கீது. இது இப்ப அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு, வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். தற்செயலாக வந்தவன்தானே.

மாமாவின் முகம் தொங்கிவிட்டது. "சொல்லிச் சொல்லியே இருந்த ஒரு ஆளையும் வெரட்டிட்ட. நோவு புடிச்ச நெலத்த இனிமே எவன் எடுப்பான்?"

"எனக்கு வேணும் பாய்."

அவள் கெஞ்சவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"நல்ல நெலம்னு அன்னிக்கிக் கேட்டேன். இன்னிக்கி நோவுன்னு தெரிஞ்சிதான் கேக்கறேன். நான் கொண்டாந்து வுட்டது, நானே தொரத்தறேன்."

"எப்டி தொரத்துவ? மறுபடியும் கடல போட்டு மறுபடியும் படுக்க வெப்பியா?"

சுகிர்தா நடுவில் வந்தார். "கடலை, காராமணி, மிளகாய் எதுவும் கூடாது சார். படுத்த செடியை மண்ணோட எடுத்து எரிக்கணும். வெயில் காலத்துல ஆழமா உழுது போடணும். தொழு உரத்துல நல்ல பூஞ்சாணம் ஒண்ணு கலந்து போடலாம், டிரைக்கோடெர்மான்னு, கெட்டதை அதுவே தின்னும். அப்புறம் கம்பு, சோளம், மக்காச்சோளம்னு மாத்தி மாத்தி போடணும். இந்தக் கம்பைப் பாருங்க, ஒண்ணுமே ஆகல. ஆனா ஒரு போகத்துல முடியாது. மூணு வருஷம் விடாம செய்யணும். நடுவுல ஆள் மாறி யாராவது ஒரு தடவ கடலை போட்டாலும் அத்தனையும் வீண்."

"எத்தினி வருசம்?" என்று கேட்டாள் செவ்வந்தியக்கா.

"மூணு."

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கும் பார்க்காமல் அவரையே பார்த்தேன். "மாமா, மருந்துக் கடைக்காரங்க நிலத்துல நோயை விட்டு வைச்சா நாலு பேரு இன்னா பேசுவான்?" என்றேன். அவர் வார்த்தையை அவருக்கே கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

மாமா தொப்பியைக் கழற்றி, உதறி, மறுபடி வைத்துக்கொண்டார். "சரி. மூணு வருசம் நீயே பண்ணு. நடுவுல எவன் வந்து கேட்டாலும் தர மாட்டேன்."

"இன்னொரு தபா சொல்லு பாய்."

"காது கேக்கலியா? மூணு வருசம்மா, மூணு வருசம்!"

முப்பது வருஷ வேலையில் அவளிடம் யார் சொன்னதும் நாளைக் காலைக்குத்தான். நாளைக்குக் களைக்கு வா, நாளைக்கு நடவுக்கு வா. மூன்று வருஷம் என்று அவளிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. செவ்வந்தியக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே சிரித்தாள். மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சரி சரி, வுடும்மா" என்று முனகிக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தார்.

பத்தடி போயிருப்பார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாகக் கூப்பிட்டாள்.

"பாய்! நில்லு. செருப்ப கயுவிக்கினு போ. இந்த மண்ணு வெளிய போவக் கூடாது."

ஊரில் யாரும் என் மாமாவை அப்படி நிற்க வைத்து நான் பார்த்ததில்லை. அவர் திரும்பினார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாய்க்கால் ஓரத்துக்குப் போய், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். செவ்வந்தியக்கா பக்கத்தில் நின்று, குதிகால் பக்கம் இன்னும் ஒட்டியிருக்கிறது என்று காட்டினாள்.